இலையின் வெளுத்த பக்கம்

அன்றைக்குக் காற்று துளியும் இல்லை. அதனால்தான் அது அவள் கண்ணில் பட்டது.

பல்செட் செய்கிறவளுக்கு வெளிச்சம்தான் முக்கியம் என்று, வீட்டின் பின்பக்க அறையில், தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு அடியில் வேலை மேசையைப் போட்டிருந்தாள். மேசைமேல் ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், சின்னச் சின்னக் கத்திகள், பல் டாக்டர்களிடமிருந்து வந்த வாய் அச்சுகள், அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த வெள்ளைத் தாடைகள். யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடைக்கு மெழுகில் ஈறு செதுக்கிக்கொண்டிருந்தவள் கழுத்து வலிக்கிறதே என்று தலையைத் தூக்கினாள். எதிரே ஓக் மரம். உச்சியிலிருந்து தரைவரை இலையால் மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு இடுக்கு வழியாகக்கூடக் காட்டாமல் நின்ற அந்தக் கரும்பச்சையின் நடுவில், ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தது.

அந்த மரத்தின் இலைக்கு மேல்பக்கம் ஒரு நிறம், கீழ்ப்பக்கம் ஒரு நிறம். மேலே தோல் செருப்பு மாதிரி கெட்டியாக, கருப்புக்குப் பக்கத்தில் போகும் பச்சை. கீழே சாம்பலும் வெள்ளையும் கலந்த மெல்லிய பூனைமுடி. காற்று பலமாக அடித்தால் மரம் முழுக்க ஒரே வீச்சில் புரண்டு வெளுக்கும். காற்று நின்றதும் கறுத்துவிடும். அதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் அன்று பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்த துண்டுகூட அசையவில்லை. மரத்தின் மற்ற இலைகளும் அசையவில்லை. அந்த ஓரிடத்து இலைகள் மட்டும், இரண்டு ஆள் உயரத்தில், ஒரு மனிதனின் மார்பு அகலத்துக்குப் புரண்டு நின்றன. புரண்டபடியே நின்றன.

ஸ்பிரிட் விளக்கை அணைத்தாள். மறுபடி பார்த்தபோது மரம் முழுக்கப் பச்சைதான்.

அந்த மரம் அவளுடைய ஆசைதான். பிள்ளை வயிற்றில் இருந்தபோது இந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். தோட்டத்துக்குப் பின்னால் பக்கத்துத் தெரு வீடு. அதன் மாடி ஜன்னலில் எந்நேரமும் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பால்காரர் சொன்னார். இவள் துணி உலர்த்தினாலும் பார்ப்பார், வேலை செய்தாலும் பார்ப்பார், கொட்டாவி விட்டாலும் பார்ப்பார். அவருக்கு ஜன்னல்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"நம்மகிட்ட டிக்கெட் இல்லன்னு நெனைக்கிறாரோ என்னவோ," என்று அவள் கணவன் சிரித்தான். அவனுக்கென்ன, லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஊரில் இருக்கிற கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் தொங்கிக்கொண்டிருப்பவன். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"ஒரு மரம் வைக்கலாங்க. வருஷம் பூரா மறைக்கிற மாதிரி."

நாற்றுப் பண்ணைக்காரர்தான் இந்த ஓக்கைக் காட்டினார். "மத்த ஓக்கெல்லாம் மொட்டையாகிடும்மா. இது ஆகாது. இலை விழாதுன்னு இல்ல, விழும். ஆனா புதுசு வந்து எடத்தைப் புடிச்ச பெறகுதான் பழசு போகும். ஒரு நாள்கூட வெறுமனே நிக்காது. மொதல்ல மெதுவாத்தான் வளரும், வேரைக் கீழ எறக்குற வரைக்கும். அதுக்கப்புறம் நீங்க வேணாம்னாலும் நிக்காது."

வளர்ந்த மரமாகவே வாங்கி லாரியில் கொண்டுவந்தார்கள். கணவன் இரண்டு விடுமுறை நாட்களில் குழி வெட்டினான். தொட்டிக்குள் சுருண்டு கிடந்த வேர்களைக் கையால் பிரித்து வெளிப்பக்கமாக விட்டான்; காற்று வரும் திசையில் முளை அடித்துக் கட்டினான்; சருகும் பட்டைத் தூளும் போட்டு, தண்டை ஒட்டாமல் வட்டமாக மூடாக்கு இட்டான். குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டுப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். வேலையிலிருந்து வந்தால் முதல் விசாரிப்பு மரத்துக்கு, அப்புறம்தான் பெண்டாட்டிக்கு. கீழ்க்கிளைகளைக் கழிக்கவே மாட்டேன் என்றுவிட்டான். "பாவாடை கட்டின மாதிரி தரைவரைக்கும் இருக்கட்டும். அதுதான் அழகு." பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது மரம் ஜன்னல்காரரை முழுசாக விழுங்கிவிட்டது. அவள் நிம்மதியாகக் கொட்டாவி விட்டாள்.

இப்போது இந்த வெளுப்பு.

அடுத்த முறை அது கொஞ்சம் கீழே இருந்தது. அதற்கு அடுத்த முறை இன்னும் கீழே. எப்போதும் பகலில், எப்போதும் காற்று இல்லாத நேரத்தில், கணவன் வேலைக்கும் குழந்தை பள்ளிக்கும் போயிருக்கும்போது. அவள் தலையைக் குனிந்து வேலை செய்வாள். பின்கழுத்தில் ஏதோ ஊர்வதுபோல இருக்கும். நிமிர்ந்தால், அது அங்கே இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்திருந்த ஒரு நாள் சத்தமும் கேட்டது. அந்த மரத்தடியில் விழும் சருகு லேசில் மக்காது. காய்ந்த தோல்துண்டுகள் மாதிரி வருஷக்கணக்கில் குவிந்து கிடக்கும். அதன்மேல் யாரோ ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பின் பாரத்தை மாற்றி நின்றதுபோல, நிதானமாக, ஒரு நொறுங்கல். பிறகு ஒன்றுமில்லை. பிறகு, கசந்த தேத்தண்ணீரும் ஈரப் பட்டையும் கலந்த மரத்தின் வாசனை, மூடியிருந்த ஏதோ ஒரு கதவைத் திறந்துவிட்டாற்போல அறைக்குள் வந்தது. அவள் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம் அந்த ஜன்னலை அவள் திறக்கவே இல்லை.

கணவனிடம் சொன்னாள்.

"புது இலை வெள்ளையாத்தான் இருக்கும். பூனைமுடி உதிர்ந்தப்புறம்தான் பச்சையாகும். பண்ணைக்காரர் சொல்லலையா?"

"புது இலை எடம் மாறுமாங்க?"

"நீ நாள் முழுக்க யார் யாரோட வாயையோ பாத்துட்டு உக்காந்திருக்க. கண்ணுக்கு ஓய்வு குடு." சொல்லிவிட்டு, அவளைச் சமாதானப்படுத்தவே கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரம் அவனைக் காணவில்லை. மரம் அவன்மேல் மூடிக்கொண்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிறகு தலையெல்லாம் சருகாக வெளியே வந்தான். "உள்ள ஒரு ரூம் மாதிரி இருக்கு தெரியுமா? இலையெல்லாம் வெளிப்பக்கம்தான். நடுவுல வெறும் கெளைங்க. ஏசி போட்ட மாதிரி இருக்கு. பாயைப் போட்டுத் தூங்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே ஒரு அறை இருக்கிறது என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது.

வாரக் கடைசியில் வேலை அதிகம். ஒரு மேல்தாடை அச்சைப் பிளாஸ்டரிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். அச்சில் எது குழியோ அது பிளாஸ்டரில் மேடு. அச்சில் எது மேடோ அது பிளாஸ்டரில் குழி. இத்தனை வருஷப் பழக்கத்தில், எதைப் பார்த்தாலும் அதன் மறுபக்கம் அவளுக்குத் தானாகவே தெரியும். அன்று நிமிர்ந்து மரத்தைப் பார்த்தபோது, அந்த வெளுப்பு அவள் ஜன்னலுக்கு நேராக, அவள் உயரத்துக்கு வந்திருந்தது. இலைகள் தாமாகப் புரளவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. உள்ளே இருந்து எதுவோ அழுத்துகிறது. அழுத்தத்தில் இலைகள் விலகிப் புரண்டு வெள்ளையைக் காட்டுகின்றன. மேலே ஒரு மேடு, நெற்றி. அதன் கீழே இரண்டு பள்ளம். பக்கத்துக்கு ஒன்றாகக் கன்ன எலும்பு. கீழே தாடை.

அவள் கை தன்னையறியாமல் தன் தாடையைத் தொட்டது.

இலைகளில் இருந்த தாடை மெல்லக் கீழே இறங்கியது. வெள்ளைக்கு நடுவில் ஒரு கருப்பு. வாய் திறப்பது மாதிரி. மாதிரி இல்லை, திறந்தது. பல் அளவெடுக்க வருகிறவர்கள் திறப்பதுபோல, பொறுமையாக, அகலமாக, பார்த்துக்கொள் என்பதுபோல.

கையிலிருந்த பிளாஸ்டர் தாடை தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

அன்று சாயங்காலமே வாசல் மணி அடித்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஜன்னல்காரர் நின்றிருந்தார். அவரை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. கிட்டத்தில் அவர் சின்ன மனிதராக, முழங்கால் வலியில் முகம் சுளித்தவராக இருந்தார். தைல வாசனை அடித்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குத்தம் சொல்ல வரல. உங்க மரத்துல யாரையாவது ஏத்தி விட்டிருக்கீங்களா?"

"நீங்களும் பாத்தீங்களா சார்?"

"தெனமும் பாக்குறேன். நாப்பது வருஷம் ரயில்ல மூஞ்சிய மூஞ்சியப் பாத்தவன்மா நான். ஆள் நிக்குறதுக்கும் இலை ஆடுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?" அவர் குரலைத் தாழ்த்தினார். "எம்பக்கம் திரும்பவே மாட்டேங்குது. நான் பாக்குறது முதுகும்மா."

கணவன் கூடத்தில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் அவரோடு நடந்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி அவர் மாடி ஏறுவதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மாடியில் ஒரு பிரம்பு நாற்காலி, மாத்திரை டப்பா, ரேடியோ. அந்த முழங்காலோடு லேசில் கீழே இறங்க முடியாத ஒரு மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே உலகம் அந்த ஜன்னல் என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லை.

இந்தப் பக்கத்திலிருந்து மரத்தில் வெள்ளையே இல்லை. கரும்பச்சை இலைகள் ஓரிடத்தில் உட்புறமாக இழுக்கப்பட்டு, குழி விழுந்திருந்தன. தலையின் பின்பக்கம். கழுத்து. இறங்கிய இரண்டு தோள்கள். ஒருவர் பச்சைத் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்தத் தோள்களுக்கு மேலாக, அது இலைகளை விலக்கியதால் உண்டான சின்ன இடுக்கில், அவள் வீட்டு வேலை அறை ஜன்னல் தெரிந்தது. விளக்கு எரிந்தது. மேசைமேல் வெள்ளைத் தாடைகள் தெரிந்தன. பாடத்தை விட்டுவிட்டு அவள் நாற்காலியில் ஏறி முட்டி போட்டு நின்ற அவள் குழந்தை தெரிந்தது.

குழந்தை சிரித்துக்கொண்டே கை காட்டியது.

"பாப்பா தெனமும் ஸ்கூல் விட்டு வந்ததும் இப்படித்தான் கை காட்டும்," என்றார் பெரியவர். "ரொம்ப நாளா எனக்குத்தான் காட்டுதுன்னு நெனச்சு நானும் காட்டிட்டு இருந்தேன். அப்புறம்தான் யோசிச்சேன். நடுவுல இம்மாம் பெரிய மரம் இருக்கே, இந்த இடுக்குல நான் எப்படித் தெரிவேன்?"

அவள் ஓடினாள். படிகள், தெரு, முனை, தன் வீட்டு வாசல். நாற்காலியிலிருந்து குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வீட்டில் குழந்தைக்குச் செல்லப் பெயர் பட்டாணி. பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தது.

"யாருக்குடா கண்ணு கை காட்டின?"

"அவங்களுக்கு."

"எவங்களுக்கு?"

"பேர் கேட்டேன். சொல்லல. வாயை மட்டும் தெறந்து தெறந்து காட்டுறாங்க." பட்டாணி தானும் வாயை அகலமாகத் திறந்து காட்டியது. "பல்லே இல்லம்மா. நீ செஞ்சு குடுப்பியா?"

அன்று வீட்டில் சண்டை. வெட்ட வேண்டும் என்றாள் அவள். கிழவர் பேச்சைக் கேட்டு வளர்ந்த மரத்தை வெட்டுவார்களா என்றான் அவன். குழந்தைகள் ஆயிரம் கதை சொல்லும் என்றான். "அதுக்கு நான் எப்படித் தண்ணி ஊத்தினேன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டபோது அவன் குரல் கம்மியது. கடைசியில், அவள் மனது ஆறட்டும் என்று, ஜன்னல் பக்கத்துக் கிளைகளைக் கழித்துவிடுவதாக ஒத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான். அவள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கீழ்க்கிளைகளுக்கு முன்னால் குனிந்தான். உள்ளே போனான். ரம்பச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. சருகு நொறுங்கும் சத்தம்கூட இல்லை. மரம் அப்படியே நின்றது. ஒரு இலையும் புரளவில்லை. எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. தொண்டைக்குள் அவன் பெயர் வந்து நின்றபோது அவன் வெளியே வந்தான். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தான். கையில் ரம்பம் இல்லை. நேராக உள்ளே வந்து தண்ணீர் குடித்தான். பிறகு போனை எடுத்து மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டான்.

"என்னங்க ஆச்சு?"

லிஃப்ட் குழிக்குள் தலைகீழாகத் தொங்குகிறவன், எதற்கும் பயந்தது இல்லாதவன், சமையலறைச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

"உள்ள போகும்போது கெளைய நான் விலக்கல. எனக்கு முன்னாடியே யாரோ விலக்கிப் புடிச்சிருந்தாங்க. நான் போற வரைக்கும்."

ரம்பத்தை எடுத்துவர அவன் திரும்பப் போகவே இல்லை.

வந்தவர்கள் அரை நாளில் வேலையை முடித்துவிட்டார்கள். இயந்திர ரம்பம் அலறியது, கிளைகள் விழுந்தன, தெருவே எட்டிப் பார்த்தது. பட்டாணியை அணைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள். எந்தக் கிளை விழுந்தாலும் உள்ளே வெறும் மரம்தான். கூடு இல்லை, பொந்து இல்லை, துணிக் கந்தல்கூட இல்லை. அடிமரம் சாய்ந்தபோது வெட்டுவாய் சுத்தமாக, இறுகி, லேசாகச் சிவந்து இருந்தது. "கல்லு மாதிரி வைரம் பாஞ்ச மரம் சார். மனசு வந்து வெட்டச் சொன்னீங்களே," என்றான் ரம்பக்காரன். அவன் ஆட்கள் சருகையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். கிளைகள் போனதும் கணவன் உள்ளே விட்டுவந்த ரம்பமும் கிடைத்தது. அடிமரத்தில் சாய்த்து வைத்திருந்தது.

வெட்டிய இடத்தில் ஒரு ஆகாயம் திறந்தது. வேலை அறைக்குள் வெயில் பல வருஷத்துக்கு அப்புறம் சுவர்வரை வந்தது. அன்று அவள் மூன்று செட்டுக்கு மெழுகு வேலையை முடித்தாள், பாட்டுக்கூடப் பாடினாள். ஜன்னல்காரரின் ஜன்னல் மறுபடி தெரிந்தது. அவர் நாற்காலியில் இருந்தார். அவள் எழுந்து நின்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவருக்குக் கை காட்டினாள். அவர் பதிலுக்குக் காட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியோடு நெற்றியை வைத்துக்கொண்டு, தொலைத்த பொருளைத் தேடுகிறவர் மாதிரி, காலித் தோட்டத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பார்வையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

பயம் அப்படி ஒரேயடியாகப் போகவில்லை. ஆனாலும் போயிற்று. வெயில் இருந்தது, வேலை இருந்தது, பட்டாணிக்கு ஒரு முன்பல் ஆடத் தொடங்கி, அது விழுவதற்குள் வீடே ரெண்டுபட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அது விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இவ்வளவு வெயிலை வீணாக்குவானேன் என்று கணவன் தோட்டத்தில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு வரிசை வரிசையாகக் கொடி கட்டினான். வீட்டில் இருந்த படுக்கை விரிப்புகளையெல்லாம் அவள் துவைத்துப் போட்டாள். வெள்ளை விரிப்புகள், ஈரத்தில் கனத்து, தரையைத் தொட ஒரு சாண் மிச்சம் வைத்துத் தொங்கின. சோப்பு வாசனை. வெயில். பட்டாணி அவற்றுக்கு நடுவில் புகுந்து ஓடியது.

"அப்பா, கண்ணாமூச்சி!"

கணவன் சுவரில் முகம் வைத்து எண்ணத் தொடங்கினான். பாதியில் போன் அடித்தது. எங்கோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம். "ஒரே நிமிஷம்டா," என்று பேசிக்கொண்டே அவன் முன்பக்கம் போனான். அவள் மேசைக்கு முன்னால் தேத்தண்ணீரோடு நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்த விரிப்பில் ஒரு முகம் புடைத்தது. பட்டாணி துணியில் முகத்தை அழுத்திப் பயமுறுத்துகிறது. மூக்கு, நெற்றி, வாய். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அய்யோ, பேய் வந்துருச்சு!" என்றாள் சத்தமாக.

கடைசி விரிப்புக்குப் பின்னாலிருந்து பட்டாணி ஓடி வந்தது. வெயிலில் நின்று, கண்ணைச் சுருக்கி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

நடுவில் இருந்த விரிப்பில் முகம் அப்படியே இருந்தது.

அது குழந்தை உயரத்தில் இருந்தது. பிறகு மெல்ல எழுந்தது. குனிந்திருந்த ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதுபோல, துணிக்குள்ளேயே, மேலே, மேலே. தோள்கள் புடைத்தன. கைகள். விரிப்பின் கீழே, அந்த ஒரு சாண் இடைவெளியில், புல் மட்டும் தெரிந்தது. கால் இல்லை.

காற்று இல்லை.

மாடி ஜன்னலில் பெரியவர் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தார். அவர் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"பட்டாணி, உள்ள வா! இங்க வா!"

குழந்தைக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டது. ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, ஒளிந்துகொள்ள, நடு விரிப்புக்குப் பின்னால் ஓடியது.

தாழ்ப்பாளை இழுத்தாள். வரவில்லை. தேத்தண்ணீர் கொட்டியது. மேசைமேல் இருந்த தாடைகள் சரிந்தன. சமையலறை. பின்கதவு. படி. புல். செருப்பில்லாத காலில் ஈரம்.

"பட்டாணி!"

விரிப்புகள் அசையாமல் தொங்கின. குனிந்து பார்த்தாள். அத்தனை விரிப்புகளுக்கும் அடியில் ஒரு கோடாக வெயில். அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. சின்னக் கால்கள் எங்கும் இல்லை. முதல் விரிப்பைக் கிழிப்பதுபோல விலக்கினாள். இரண்டாவதை விலக்கினாள்.

நடு விரிப்புக்கு முன்னால் நின்றாள்.

உயரமாக ஒன்று புடைத்திருந்தது. அதன் பக்கத்தில், அதன் இடுப்பு உயரத்தில், சின்னதாக இன்னொன்று. சின்ன நெற்றி. உருண்டைக் கன்னம். ஈரத் துணி அதன்மேல் ஒட்டி இழுபட்டு, ஒரு வரிகூட விடாமல் எல்லாவற்றையும் காட்டியது. அவள் அச்சு பார்க்கிறவள். அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. துணிக்குள் சின்ன வாய் அகலமாகத் திறந்தது, மூடியது, திறந்தது. மேல்வரிசையில், நடுவில், நேற்று விழுந்த பல்லின் இடைவெளி.

வீட்டின் முன்பக்கமிருந்து கணவன் சிரித்துக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. "எண்ணி முடிச்சாச்சு! வரலாமா?"

விரிப்பில் ஒரு சின்ன உள்ளங்கை, ஐந்து விரலும் விரிந்து, எழுந்தது. வீட்டைப் பார்த்து ஆடியது.